பின்கோடாக மட்டும் தெரிந்த ஊர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியந்தானே?

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் எல்லாம் சுற்றிவிட்டு ஊர் வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. போனில் எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. நீயும் பாதியில் "முட்டி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிடுவாய், கதை அங்கேயே அறுந்துபோகும். அதனால்தான் கடுதாசி. முட்டி நன்றாக இருக்கிறது. சொல்லிவிட்டேன், இனிக் குறுக்கே கேட்காதே.

32 வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்ததில் எனக்கு ஊர்கள் எல்லாம் எண்களாகத்தான் மனசில் கிடக்கின்றன. 110 என்றால் டெல்லி, 282 ஆக்ரா, 302 ஜெய்ப்பூர். அங்கே போகிற கவர்களுக்கு ஆயிரக்கணக்கில் முத்திரை குத்தியிருப்பேன். ஆனால் நான் அதிகபட்சமாக வடக்கே போனது, உன்னை விமானம் ஏற்ற மீனம்பாக்கம் வந்ததோடு சரி. ரிடையர் ஆனதும் போகலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே.

இப்போது போனது ஆபீஸ்காரிகள் ஐந்து பேர்: மணியார்டர் அத்தை, ரிஜிஸ்தர் அத்தை, ஸ்டாம்ப் பெரியம்மா, பார்சல் சித்தி, நான். சின்ன வயதில் அவரவர் கவுன்டரைப் பார்த்து நீ வைத்த பெயர்தான் இன்றைக்கும் ஓடுகிறது. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு இரவு, ஒரு பகல். பார்சல் சித்தி புளியோதரையையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாழையிலை, அதன்மேல் பேப்பர், அதன்மேல் சணல், குறுக்கும் நெடுக்கும் முடிச்சு. அரக்கு வைத்து சீல் போடாததுதான் பாக்கி. பிரிக்கவே விஜயவாடா தாண்டிவிட்டது.

டெல்லியில் முதலில் குதுப் மினார். 238 அடி உயரம் என்றார் கைடு. ஸ்டாம்ப் பெரியம்மா விடவில்லை: "எங்க பெரிய கோயில் விமானம் 216 அடி. ஆனா இதைவிட 190 வருஷம் மூத்தது" என்றாள். கைடுக்குத் தமிழ் தெரியாது, தலையை ஆட்டினார். உள்ளே 379 படியாம். 1981-ல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு பொதுமக்களை ஏற விடுவதில்லை. எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. எனக்குப் பிடித்தது பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூண். 1,600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, துரு தின்னவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாம், அதனால் மேலே மெல்லிய படலம் படிந்து காப்பாற்றுகிறதாம். நம் வீட்டு வாசல் கேட்டை மாற்றி மூன்று வருஷம்தான் ஆகிறது, கீழ்ப்பக்கம் உதிர்கிறது.

மறுநாள் காலை சாந்தினி சௌக். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1650 வாக்கில் அமைத்த கடைத்தெரு என்று சொன்னார்கள். இப்போது அங்கே நடக்க ஒரு தனித் திறமை வேண்டும். மாலையில் நிஜாமுதீன் தர்கா. நாகூருக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அங்கே எதுவும் புதிதில்லை: அதே ரோஜா வாசனை, அதே ஊதுபத்திப் புகை, தலையில் முக்காடு. முற்றத்தில் ஒரு ஓரமாக, பளிங்குச் சல்லடை போட்ட சின்ன அடைப்புக்குள் ஒரு கல்லறை. மேலே கூரை இல்லை. கல்லறையின் நடுவே குழித்து மண் நிரப்பிப் புல் வளர்த்திருக்கிறார்கள். சல்லடை வழியே எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ ஏழைப் பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் பார்த்த கடைத்தெருவுக்குச் சொந்தக்காரிதான் இங்கே படுத்திருக்கிறாள் என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கையைக் காட்டி விளக்கினார். என் கல்லறையைப் பச்சைப் புல் மட்டும் மூடினால் போதும் என்று அவளே எழுதிவைத்தாளாம்.

இவளை ஞாபகம் வைத்துக்கொள், திரும்ப வருவாள்.

ஆக்ராவுக்குப் போன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் கிடையாது! 30 வருஷம் ஒவ்வொரு ரசீதையும் மூன்று தடவை சரிபார்த்த ரிஜிஸ்தர் அத்தைதான் திட்டம் போட்டவள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "நாளைக்குப் பாத்துக்கலாம்டி, அது எங்க போகப்போவுது" என்று மணியார்டர் அத்தை தேற்றினாள். ஆட்டோக்காரர் எங்களை யமுனைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார். இத்மாத் உத் தௌலா கல்லறை. இந்தப் பெயரை அதுவரை நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்டால், அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் மொத்தப் பயணமும் என்பேன்.

சின்னக் கட்டடம். நகைப்பெட்டியைத் தோட்டத்தின் நடுவே வைத்தாற்போல இருக்கிறது. ஜஹாங்கீரின் மனைவி நூர் ஜஹான் தன் அப்பா அம்மாவுக்காகக் கட்டியது. 1622-ல் ஆரம்பித்து 1628-ல் முடித்தாள். இத்மாத் உத் தௌலா என்பது அப்பா மிர்சா கியாஸ் பேக்கின் பட்டப்பெயர். பாரசீகத்திலிருந்து பிழைக்க வந்தவர். வரும் வழியில் காந்தஹாரில்தான் இவள் பிறந்தாள். அம்மா அஸ்மத் பேகம்தான் ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவள் என்று மருமகன் ஜஹாங்கீரே தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். பெற்றவர்கள் இருவரும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே இருவர் கல்லறையும் பக்கத்தில் பக்கத்தில்.

சுவரில் விரல்கடை இடம்கூடச் சும்மா விடவில்லை. பூச்சாடி, மாதுளை, திராட்சை, கூஜா, கிண்ணம் என்று வீட்டு அலமாரியில் இருப்பதெல்லாம் சுவரில் இருக்கிறது. வெளிச்சுவரில் இருப்பது பெயின்ட் இல்லை, கல்லைக் குடைந்து கல்லைப் பதித்தது. அன்று சாயங்காலம் அந்த வேலை நடக்கும் ஒரு பட்டறையைப் பார்த்தோம். பளிங்கின்மேல் சிவப்புச் சாயம் பூசி, அதில் ஊசியால் பூவைக் கீறுகிறார்கள். வெள்ளையில் கோடு கண்ணுக்குத் தெரியாதாம். ஒரு பெரியவர் இடது கையால் சாணைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே, வலது கை விரல் நுனியில் ஒரு சிவப்புக் கல் துண்டைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நம் மூக்குத்திக் கல் அளவுகூட இல்லை. தேய்ப்பார், குழியில் வைத்துப் பார்ப்பார், எடுத்து மறுபடி தேய்ப்பார். நான் பார்த்துக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில் ஒரு இதழின் பாதி ஆயிற்று. அவர் ஆள்காட்டி விரலில் நகம் ஒரு பக்கம் தேய்ந்தே போயிருந்தது. சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறாயே, அதே கை.

அந்தக் கால்மணி நேரத்தில்தான் நீ 11 தடவை கூப்பிட்டிருக்கிறாய். போன் பைக்கு அடியில், பேத்தா பொட்டலத்துக்குக் கீழே கிடந்தது. (பேத்தா என்பது பூசணிக்காய் மிட்டாய். நம் கல்யாண வீட்டுக் காசி அல்வாவுக்குப் போடும் அதே வெள்ளைப் பூசணிதான், இங்கே கட்டியாக வெட்டிப் பாகில் போடுகிறார்கள். காசி அல்வாவுக்கு ஈடாகாது.) நீ அழுதுவிட்டாய் என்று தெரிந்ததும் கஷ்டமாக இருந்தது. போன மாதம் நான் வழுக்கி விழுந்ததிலிருந்து நீ இப்படித்தான் இருக்கிறாய். அன்று ராத்திரி, "வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், இனி உன்னைத் தனியாக விடமுடியாது" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. பட்டறைக்கு முன்னால், மத்தியானம் கோட்டையில் பார்த்ததை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆக்ரா கோட்டையில் முசம்மன் புர்ஜ் என்று எட்டுப்பட்டை மாடம் ஒன்று இருக்கிறது. 1658-ல் ஔரங்கசீப் தன் அப்பா ஷாஜஹானைச் சிறை வைத்தது அந்தக் கோட்டையில். 1666-ல் சாகும்வரை எட்டு வருஷம். அங்கிருந்து பார்த்தால் யமுனை வளைவுக்கு அப்பால், வெயில் புகைக்குள் தாஜ்மஹால் மிதக்கிறது. அன்று பூட்டிக் கிடந்த தாஜ்மஹாலை நாங்களும் ஷாஜஹான் மாதிரி தூரத்திலிருந்துதான் முதலில் பார்த்தோம். அந்த எட்டு வருஷமும் கூடவே இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் ஜஹானாரா. "மகள் என்றால் இப்படி இருக்கவேண்டும்" என்று கைடு கையெடுத்துக் கும்பிட்டார். அத்தைமார் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு மட்டும் டெல்லியில் பார்த்த அந்தப் புல்தான் கண்முன் நின்றது.

சூரத் துறைமுகத்து வருமானம் அவளுக்கு வந்தது. சொந்தக் கப்பல் வைத்திருந்தாள். டெல்லியில் ஒரு கடைத்தெருவையே அமைத்தவள். அப்படிப்பட்டவள் எட்டு வருஷம் அந்த மாடத்தில் உட்கார்ந்து, அப்பா பார்த்த அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனுக்கு ஆறுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழவர், "நீ போம்மா, உன் வேலையைப் பார்" என்று ஒரு தடவையாவது சொன்னாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கைடிடம் கேட்க எனக்கு இந்தி போதவில்லை.

ஆகவே இது உன் கேள்விக்குப் பதில்: நீ ராஜினாமா எழுதாதே. என்னை யாரும் சிறை வைக்கவில்லை. வழுக்கிய இடத்தில் சொரசொரப்புக் கல் போட ஆள் சொல்லியாகிவிட்டது, குளியலறையில் கைப்பிடியும் மாட்டியாயிற்று. ராத்திரித் துணைக்குப் பார்சல் சித்தி வருகிறாள். அவளுக்கும் வீட்டில் ஆள் இல்லை. நூர் ஜஹான் தன் பெயரில் நாணயம் அடித்துக்கொண்டு, அரசாங்கத்தையே நடத்திக்கொண்டு, பெற்றவர்களையும் மறக்காமல்தானே இருந்தாள்? அதற்காக எனக்குப் பளிங்கில் எதுவும் கட்டிவிடாதே. வருஷத்துக்கு ஒரு தடவை குட்டியோடு வந்து ஒரு மாதம் இரு. அதுவும் வெயில் காலத்தில் வேண்டாம்.

தாஜ்மஹாலை மறுநாள் விடிகாலையில் பார்த்தோம். உள்ளே போக 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்கு இன்னும் 200. அதைப்பற்றி நான் என்ன எழுத? படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது, ஆனால் படத்தில் அந்த அளவு தெரிவதில்லை. நாலு ஸ்தூபிகளும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன, நிலநடுக்கம் வந்தால் கல்லறைமேல் விழாமல் இருக்க. மும்தாஜ் 1631-ல் 14-வது பிரசவத்தில் செத்துப்போனாள் என்று கேட்டதும் ஸ்டாம்ப் பெரியம்மா, "இவ்வளவு பெருசாக் கட்டுறதுக்கு, ஏழோட நிறுத்தியிருக்கலாம்" என்றாள். பக்கத்தில் நின்ற சேலத்துக் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

ஃபதேபூர் சிக்ரியில் ஒரு மணி நேரம்தான். அக்பர் 1571-ல் கட்ட ஆரம்பித்து 1585-ல் விட்டுப்போன தலைநகரம். சலீம் சிஷ்டி தர்காவின் கல் சல்லடையில் வேண்டிக்கொண்டு நூல் கட்டுகிறார்கள், நம் ஊர் மரத்தில் தொட்டில் கட்டுவது போல. நானும் கட்டினேன். என்ன வேண்டினேன் என்று கேட்காதே.

ஜெய்ப்பூரில் ஹவா மஹால் மாடிக்குப் படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை. 1799-ல் கட்டியவருக்கு என் முட்டியைப் பற்றி எப்படித் தெரிந்ததோ! அரண்மனையில் இரண்டு வெள்ளிக் குடங்கள், என் உயரத்துக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் 345 கிலோ. 1902-ல் லண்டனில் முடிசூட்டு விழாவுக்குப் போன ராஜா மாதோ சிங், கங்கைத் தண்ணீரை இதில் நிரப்பிக் கப்பலேற்றிக் கொண்டுபோனாராம். புளியோதரை கட்டி வந்ததற்காக எங்களைச் சிரித்த மருமகள்களிடம் இதைச் சொல்லவேண்டும் என்று பார்சல் சித்தி இரண்டு தடவை எழுதிவைத்துக்கொண்டாள். ஜந்தர் மந்தரில் 90 அடி உயரத்துக்குக் கல்லில் ஒரு சூரியக் கடிகாரம். அதன் நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. சித்தி நிழலின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ரிஜிஸ்தர் அத்தை ரயில் நேரத்தை நாலாவது தடவையாகச் சொல்லி முடிப்பதற்குள், நிழல் அவள் விரலை முழுங்கிவிட்டது.

அடுத்தது 221. காசி. ஐப்பசியில் போகலாம் என்று பேச்சு. காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டுமே, அங்கேதான் சண்டை. மணியார்டர் அத்தை கத்தரிக்காயை விடவே மாட்டேன் என்கிறாள். ஸ்டாம்ப் பெரியம்மா பாகற்காயை விடுகிறாளாம், அவள் என்றைக்கு அதைத் தின்றாள்? இந்தத் தடவை கிழமை பார்க்கும் பொறுப்பு எனக்கு.

குட்டிக்கு ஜெய்ப்பூர்ச் செருப்பு ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். அளவு உத்தேசம்தான். நாளைக்குப் பார்சல் போடுகிறேன். சித்தி தான்தான் கட்டுவேன் என்று வந்து உட்கார்ந்திருக்கிறாள், அதனால் நல்ல கத்தரிக்கோலாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா