சென்னா, சென்னா என்கிறீர்கள், புரோஸ்டை எங்கே விட்டீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் போர்முலா வன் கார்ப் பந்தயம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து 1994 வரையான காலத்தின் தன்னிகரில்லாத வீரர் பிரேசிலின் அயர்டன் சென்னாதான் என்று முடிவுகட்டி, பிரான்சின் அலன் புரோஸ்டுக்குச் சில வரிகளே ஒதுக்கியிருந்தார் கட்டுரையாளர். அந்தச் சில வரிகளிலும் புரோஸ்ட் சென்னாவின் எதிரியாக மட்டும்தான் வருகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்தின் முதல் ஆள் புரோஸ்ட் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் 1988ஐ எடுப்போம், ஏனென்றால் எல்லோரும் சென்னாவுக்குச் சாட்சியாக அந்த ஆண்டைத்தான் இழுத்து வருகிறார்கள். இருவருக்கும் ஒரே மக்லாரன் கார், ஒரே ஹொண்டா இஞ்சின். 16 பந்தயங்களில் 15ஐ இவர்கள் இருவருமே பங்குபோட்டுக்கொண்டார்கள், சென்னாவுக்கு 8, புரோஸ்டுக்கு 7. பட்டம் சென்னாவுக்குப் போனது. ஆனால் ஆண்டு முழுக்க எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள்: புரோஸ்ட் 105, சென்னா 94. பிறகு எப்படிப் பட்டம் மாறியது? மிகச் சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ணும் விதி அப்போது இருந்தது. புரோஸ்ட் ஓடி முடித்த 14 பந்தயங்களிலும் முதலிடம் அல்லது இரண்டாமிடம், அதற்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. ஒன்றுக்கு 6 புள்ளி வீதம் அந்த இரண்டாமிடங்களில் மூன்றைக் கணக்கிலிருந்து கழித்தார்கள், 18 புள்ளி போனது, 90க்கு 87 என்று சென்னா வென்றார். விதி எல்லோருக்கும் தெரிந்த விதிதான், சென்னா அதற்கேற்ப ஓடி நேர்மையாகத்தான் வென்றார், அந்தப் பட்டத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் ஒரே காரைக் கொடுத்ததும் புரோஸ்டின் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்கிற மாதிரி எழுதுவது அநியாயம். அடுத்த ஆண்டும் அதே அணி, அதே இருவர். 76க்கு 60 என்று புரோஸ்ட் சாம்பியன்.

ஒரு சுற்றை மட்டும் பறந்து காட்டு என்றால் சென்னாவுக்கு நிகர் அன்று யாருமே இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளின் 32 பந்தயங்களில் 26 போல் பொசிஷன், அதாவது தகுதிச் சுற்றில் வேகமானவருக்குக் கிடைக்கும் முதல் தொடக்க இடம், அவருடையது. சரி, ஆனால் பந்தயம் ஒரு சுற்றோடு முடிவதில்லையே. 1988 மொனாக்கோவில் சென்னா எட்டமுடியாத தூரத்துக்கு முன்னால் போய்விட்டார், முடிய 11 சுற்று இருக்கும்போது தானாகவே தடுப்பில் மோதி நின்றார். பின்னால் வந்த புரோஸ்ட் வென்றார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்கு அந்தக் காலத்துப் பந்தயம் எப்படி நடந்தது என்று தெரியாது.

அது டர்போ காலம், காற்றை அழுத்தி ஊட்டி வலுவைக் கூட்டும் இஞ்சின்களின் காலம். பெற்றோலுக்கு அளவு வைத்திருந்தார்கள். 1984இல் ஒரு பந்தயத்துக்கு 220 லீற்றர், 1986இல் 195, 1988இல் டர்போ கார்களுக்கு வெறும் 150. நடுவில் நிரப்பவும் கூடாது. பெரும்பாலான பந்தயங்கள் 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. காலை அழுத்திக்கொண்டே போனால் கடைசிச் சுற்றுக்கு முன்பே கார் நின்றுவிடும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது எங்கள் திருகோணமலையில் கியூ.ஆர். காட்டி ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் வாங்கிய நாட்களை நினைத்துப் பாருங்கள். உவர்மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, சந்தியில் தேவையில்லாமல் பிரேக் பிடிக்காமல், அதே 5 லீற்றரில் மற்றவரைவிட இரண்டு ஹயர் கூட ஓடிய ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள். யார் நல்ல சாரதி என்று அப்போது ஊருக்கே தெரிந்தது. புரோஸ்டின் திறமை அந்த வகை. டயரைத் தேய்க்காமல், இஞ்சினை வதைக்காமல், ஆனால் வேகத்தையும் விடாமல் ஓடுவது. 1985இல் இத்தாலியின் இமோலாவில் சென்னா முன்னால் ஓடிக்கொண்டிருந்து, முடிய ஒருசில சுற்று இருக்கும்போது பெற்றோல் தீர்ந்து நின்றார். புரோஸ்டுக்கும் இது நடந்ததுதான், 1986இல் ஜெர்மனியின் ஹொக்கன்ஹைமில் கடைசிச் சுற்றில் பெற்றோல் முடிந்து, இறங்கிக் காரைத் தள்ளினார் மனிதர்.

அதே 1986இன் கடைசிப் பந்தயம் ஆஸ்திரேலியாவின் அடிலெயிட்டில். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. வில்லியம்ஸ் ஹொண்டா அந்த ஆண்டின் வேகமான கார், அதை ஓட்டியவர்கள் நைஜல் மான்சலும் நெல்சன் பிக்கேயும். மான்சலுக்கு 70 புள்ளி, புரோஸ்டுக்கு 64, பிக்கேக்கு 63. மான்சல் மூன்றாவதாக வந்தாலே போதும். புரோஸ்டுக்கு நடுவில் டயர் பஞ்சர், உள்ளே வந்து மாற்றிக்கொண்டு பின்தங்கிப் போனார். பிறகு 64ஆவது சுற்றில், நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது, மான்சலின் இடது பின் டயர் வெடித்தது, காரின் அடி தரையில் உரசித் தீப்பொறி பறந்தது. பிக்கேக்கும் அப்படி ஆகிவிடும் என்று பயந்து அவரை டயர் மாற்றக் கூப்பிட்டார்கள். புரோஸ்ட் முன்னால் வந்தார். இங்கேதான் கவனியுங்கள், அவர் காரின் கணினி பெற்றோல் போதாது என்று காட்டிக்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறைத்தால் பின்னால் பிக்கே வந்துகொண்டிருக்கிறார். குறைக்காமலே ஓடி வென்றார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் காரை நிறுத்திவிட்டு வெளியே பாய்ந்து துள்ளினார். ஜாக் பிரபாம் என்ற வீரருக்குப் பிறகு, அதாவது 1960க்குப் பிறகு, அடுத்தடுத்து இரண்டு பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான்.

1984 மொனாக்கோவையும் கட்டுரையாளர் தொட்டிருக்கிறார். மழையில் சென்னா நெருங்கி வரும்போது பந்தயத்தை நிறுத்திப் புரோஸ்டைக் காப்பாற்றினார்கள் என்று. நிறுத்தச் சொல்லிப் புரோஸ்ட் கைகாட்டியது உண்மை. ஆனால் பாதியில் நின்றதால் வெற்றிக்கு 9க்குப் பதிலாக 4.5 புள்ளிதான் கிடைத்தது. அந்த ஆண்டு அவருடைய அணித் தோழர் நிக்கி லவுடா 72, புரோஸ்ட் 71.5. முழுமையாக ஓடி, சென்னாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்திருந்தாலே 6 புள்ளி, பட்டம் புரோஸ்டுக்கு. காப்பாற்றினார்களாம்.

மழைக்குப் பயந்தவர் என்றும் எழுதியிருக்கிறார். 1982இல் ஹொக்கன்ஹைமில், மழைப் பயிற்சியில், நீர்த்திவலையில் முன்னால் போவது தெரியாமல் டிடியே பிரோனி என்ற வீரர் மோதியது புரோஸ்டின் கார்மீதுதான். பிரோனியின் கால்கள் நொறுங்கின, அவர் போர்முலா வன்னுக்குத் திரும்பவே இல்லை. அதைக் கண்ணால் கண்ட ஒருவர், 1989 அடிலெயிட் மழையில் ஒரு சுற்றோடு ஓடமாட்டேன் என்று இறங்கினார். அதே பந்தயத்தில் சென்னா முன்னால் போன பிரண்டிலின் காரைப் பார்க்காமல் பின்பக்கத்தில் போய் இடித்தார். பார்வை மறையும்போது இறங்குவதைக் கோழைத்தனம் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

ஜப்பானின் சுசுகாவில் இருவரும் இரண்டு முறை மோதியது பற்றி நீட்ட விரும்பவில்லை. 1989இல் புரோஸ்ட் சீக்கிரமாகவே திரும்பிச் சென்னாவின் வழியை அடைத்தார், அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். அடுத்த ஆண்டு முதல் வளைவில் சென்னா அவரை இடித்துத் தள்ளியது வேண்டுமென்றே என்று சென்னாவே பின்னர் ஒப்புக்கொண்டார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது, அந்த வேகத்தில் இருவரில் ஒருவர் செத்திருக்கலாம்.

இன்னொன்று. லவுடா, கெக்கே ரொஸ்பேர்க், சென்னா, மான்சல், டேமன் ஹில் என்று புரோஸ்டோடு ஒரே அணியில் ஓடிய ஐந்து பேர், முன்போ பின்போ, உலகப் பட்டம் வென்றவர்கள். இவர்களுக்கு நடுவில்தான் 4 பட்டமும் 51 வெற்றியும், அந்த 51ஐ 2001இல் ஷூமாக்கர் வந்துதான் தாண்டினார். அடுத்தமுறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் 1988இன் 16 பந்தய முடிவுகளையும் போட்டுவிடுங்கள், வாசகர்களே கூட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஒரு நீண்டகால வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.