செட் போடும் செலவு மிச்சமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகம் அழிந்த பிறகு நடப்பதாகக் கதை சொல்லும் அந்த அதிரடிப் படத்துக்குச் சென்ற இதழில் விமர்சனம் எழுதிய தங்கள் விமர்சகர், 'ஆப்பிரிக்காவில் படம் பிடித்ததால் பேரழிவுக்கெனத் தனியே செட் போடும் செலவு தயாரிப்பாளருக்கு மிச்சம்' என்று போகிற போக்கில் ஒரு வரியை உதிர்த்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். என்னால் அப்படிப் போக முடியவில்லை. படத்தின் பெயரை இங்கே எழுதி அதற்கு இன்னொரு டிக்கெட் விற்றுக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. தங்களுக்கு எந்தப் படம் என்று தெரியும்.

விமர்சகர் பாழடைந்த கோட்டை என்று வியக்கும் அந்த வட்டக் கட்டடம் எங்கள் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள போன்டே என்னும் அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரம். 1975-இல் கட்டி முடிக்கப்பட்டது. 54 மாடிகள், 173 மீட்டர் உயரம், நடுவில் கிணறு போலத் திறந்த வெளி. ஒரு காலத்தில் அந்தக் கிணற்றில் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தது உண்மைதான். அதன்பின் அதைத் துப்புரவு செய்து குடியேறி, இன்று அங்கே குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டுத் துணி உலர்த்தி வாழ்கின்றன. அவர்களுடைய வீட்டு முகவரிதான் தங்கள் இதழில் உலகின் முடிவாகியிருக்கிறது.

டர்பன் நகரையொட்டிய உம்ஷ்லாங்கா பக்கத்து வணிக வளாகத்தில் பேரப்பிள்ளைகள் இருவருடன் படத்தைப் பார்த்தேன். 'விசித்திர அழகு' என்று தாங்கள் அச்சிட்ட காட்சிகளைப் பற்றிச் சொல்வதானால், இங்குள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழாவின்போதுகூட இத்தனை மஞ்சளை நான் ஒரே இடத்தில் கண்டதில்லை. வானம், மண், மனிதர்களின் பல் எல்லாமே மஞ்சள். இரவு வந்தால் எல்லாமே ஊதா. சண்டைக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்வதற்குள் அடிபட்டவர் எழுந்து போய்விடுகிறார். இளைய பேரன் தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே மீதிச் சோளப்பொரியைத் தின்று முடித்தான்.

இவ்வகைப் படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015-இல் வெளியான 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தை, ஆஸ்திரேலியப் பாலை நிலம் எதிர்பாராத மழையில் பூத்துக் குலுங்கிவிட்ட காரணத்தால், நமீபியாவுக்கு வந்து எடுத்தார்கள். அதிலும் மணல்தான், அதிலும் வேகம்தான். ஆனால் முக்கியமானது எப்போதும் திரையின் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருந்ததால், அறுபதைக் கடந்த என் கண்ணும் பின்தொடர முடிந்தது. அதைத் தொகுத்து ஆஸ்கர் பெற்ற மார்கரெட் சிக்சல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். எங்கள் நாட்டில் செட் மட்டும்தான் இலவசமாகக் கிடைக்கும் என்று எண்ணியிருக்கும் விமர்சகருக்கு இச்செய்தியை அன்புடன் தெரிவிக்கவும்.

பேரழிவைப் பற்றி எங்களுக்குச் சற்றே தெரியும், ஐயா. எங்கள் பகுதியில் 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, டர்பன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நின்று, கேனில் பெட்ரோல் விற்கவே அரசு தடை போட்டது. ஒரு ரொட்டிக்காகக் காலை நான்கு மணிக்கு நான் வரிசையில் நின்றேன். படத்திலோ நாகரிகம் அழிந்து நாற்பது ஆண்டு கழிந்தும், தோலாடையில் ஆணி அடித்துக்கொண்ட முந்நூறு பேர் மோட்டார் சைக்கிளில் சீறுகிறார்கள். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட்டுப் பிசினாகும் என்பதை எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

எங்கள் மாகாணத்தில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எங்கள் ஊரான டொங்காட்டின் குடிநீர் நிலையம் வெள்ளத்தில் சிதைந்து, மாதக்கணக்கில் குழாயில் காற்றுதான் வந்தது. படத்தில் ஒரு குவளைத் தண்ணீருக்காக முதல் பத்து நிமிடத்திலேயே ஆறு பேர் குத்தப்படுகிறார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். 25 லிட்டர் கேனைத் தூக்க முடியாத எனக்கு, எதிர்வீட்டில் வேலை செய்யும் ஜூலு இனத்து அம்மாள் தினமும் தூக்கி வந்து கொடுத்தார். வசைச் சொல் பறந்தது, வரிசையில் இடித்துக்கொண்டு நுழைந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவரும் முகத்தில் கரி பூசிக்கொண்டு பறை அடிக்கவில்லை.

இது எனக்குப் புதிய வருத்தமன்று. டர்பனின் அவலான், ஷாஜகான் கொட்டகைகளில் இந்தியப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். கொட்டகைகள் போயின, பின்னர் வந்த தமிழ்ப் படங்களில் கறுப்பினத்தவர் தோன்றினால் போதைப்பொருள் விற்பவராகவோ நாயகனிடம் அடி வாங்குபவராகவோ மட்டுமே தோன்றினார்கள். அப்படி ஒரு படத்தைக் கண்டித்துப் பல ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். படத்தின் பாடல்களைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் எடுத்து, 'டர்பன் வாசகர் மகிழ்ச்சி' என்று தலைப்பிட்டு வெளியிட்டீர்கள். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்தத் தலைப்பைப் பார்த்துத் தொலைபேசியில் சிரித்த மாணவர்கள் பலர்.

இப்போது நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில், 'ஆப்பிரிக்காவில்' என்பதை 'தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில்' என்று படிக்கவும் என ஒரு திருத்தம் போடுங்கள். செட் பற்றிய வரியை விமர்சகர் திரும்பப் பெறுவாரானால் மகிழ்வேன். இக்கடிதத்துக்கு இடம் போதவில்லை என்றால் மஞ்சளைப் பற்றி எழுதியதை வெட்டிக்கொள்ளலாம். தண்ணீர் வரிசையைப் பற்றி எழுதியதை மட்டும் வெட்ட வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
டொங்காட், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா.