ஒரு கட்டு வெள்ளைத் தாளுக்கு நன்றி

வந்தாறுமூலை மக்களுக்கும் இங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழகக் கம்பஸ் உறவுகளுக்கும்,

வெள்ளம் வடிந்து எட்டு நாள் ஆகிறது. நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை, அந்த இரவுகளை எல்லோரும் சேர்ந்துதானே கழித்தோம். என் புத்தகப் பை எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் கிடந்ததென்று எனக்கே தெரியாது. அதற்குள்தான் இறுதி வருட ஆய்வுக்கான கொப்பி இருந்தது. இங்குள்ள மணல் மண்ணில் கௌபிப் பயறு நட்டு, 12 கிழமையாகச் செடியின் உயரம், இலை எண்ணிக்கை, காயின் நிறை என்று எழுதிவைத்த ஒரே கொப்பி.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பஸ் வாசலுக்கு அருகே உள்ள போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். அந்தப் பக்கம் திறந்திருந்த ஒரே கடை அதுதான். அண்ணா கடைக்குள் சேறு வழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அழாதீங்க தங்கச்சி. ஒட்டினதப் பிரிக்காதீங்க, கிழிஞ்சிடும். ஒல்லுப்போலக் காயட்டும், மறுகா பாப்பம்."

அப்புறம் மேல் தட்டிலிருந்து ஒரு புதுக் கட்டு ஏ4 தாளை எடுத்து உடைத்தார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாள் என்ன விலை விற்கிறது என்று மாணவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளாக உள்ளே நுழைத்து, மேலே உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். தாள் நீரை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு வேறு தாள் வைத்தார். இப்படியே பொழுது சாயும்வரை. அவருடைய சொந்தக் கடையில் பாதி இன்னும் சேற்றில் கிடந்தது.

பென்சிலால் எழுதிய எட்டுக் கிழமையும் அப்படியே தப்பியிருந்தது. பேனையால் எழுதிய முதல் நான்கு கிழமைதான் நீலமாகப் பரவிப்போயிருந்தது. மறுநாள் மேசைமேல் தூக்கி வைத்திருந்ததால் பிழைத்த மெசினில் ஒவ்வொரு பக்கமாக வைத்து, கறுப்பைக் கூட்டிக் கூட்டிப் பிரதி எடுத்தார். ஓரிடத்தில் 11 செ.மீ.யா 17 செ.மீ.யா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முந்தின பக்கத்தைப் பார்த்துவிட்டு, "போன கிழமை பதினாறரை எண்டு கிடக்கு. செடி குறுகாதே தங்கச்சி, அப்ப பதினேழுதான்" என்றார். நான்கு வருடம் விவசாயம் படித்த நான் அழுதுகொண்டிருந்தபோது என் தரவை வாசித்துத் தந்தவர் அவர்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "தொண்ணூறில அம்மா என்னத் தூக்கிக்கொண்டு இந்தக் கம்பசுக்குள்ளதான் ஓடிவந்தவ" என்று மட்டும் சொன்னார். அப்போது, 1990 போர்க்காலத்தில், இந்த வளாகம் அகதி முகாமாக இருந்ததையும், செப்டெம்பர் 5ஆம் திகதி இங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வராததையும் முதலாம் வருடத்திலேயே கேள்விப்பட்டிருந்தேன். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

1981 ஆகஸ்ட்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்று இது தொடங்கியபோது விஞ்ஞானமும் விவசாயமும்தான் இருந்தன. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. இந்த ஆண்டுகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து வைத்திருந்தேன். ஊருக்கும் கம்பசுக்கும் இடையில் இப்படியொரு கொடுக்கல் வாங்கல் இருப்பது அந்தக் கடையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

இன்னும் எத்தனையோ பேர். ஏறாவூரிலிருந்து உழவு இயந்திரத்தில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த சகோதரர்கள், தன் காய்ந்த சட்டையை எனக்குத் தந்த சிங்களத் தோழி, எங்கள் ஒன்பது பேரையும் தன் வீட்டு விறாந்தையில் படுக்கவைத்துக் கஞ்சி காய்ச்சித் தந்த அன்ரி, பாதி இரவில் கயிறு பிடித்த பையன்கள். வயலில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று ஐந்தாம் கிழமை என் பேனையைப் பறித்து வைத்துக்கொண்ட எங்கள் மேற்பார்வையாளருக்கும் நன்றி, சேர்.

நான் பதுளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. வந்த புதிதில் வீட்டு ஞாபகம் வந்தால் செங்கலடிச் சந்திக்குப் போய், பதுளை வீதி திரும்பும் இடத்தில் சும்மா நிற்பேன். அந்த வீதியால் நேரே போனால் எங்கள் ஊர் என்று நினைத்தாலே ஆறுதலாக இருக்கும். இந்த எட்டு நாளில் ஒரு தடவைகூட அங்கே போகத் தோன்றவில்லை.

ஆய்வறிக்கையை அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். பைண்டிங் அண்ணாவின் கடையில்தான். மூன்று பிரதி கேட்டிருக்கிறார்கள், நான் நான்கு போடப்போகிறேன். நான்காவது அந்த மேல் தட்டில் இருக்கும், பக்கத்தில் நான் வாங்கி வைக்கப்போகும் ஒரு புதுக் கட்டுத் தாளோடு.