ரிலே தணிக்கை அறிக்கைகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்தடை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நிலக்கரி இருப்பு, காற்றாலை உற்பத்தி, கட்டண உயர்வு ஆகியவையே விவாதத்தில் முன்னிற்கின்றன. மின்சாரத்தைச் சுமந்துவரும் 230, 400 கிலோவோல்ட் பாதைகளைக் காக்கும் ரிலேக்கள் (பழுதை உணர்ந்து பாதையைத் துண்டிக்க ஆணையிடும் கருவிகள்) சரியாக இருக்கின்றனவா என்று எவரும் கேட்பதில்லை. எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே சோதனை) பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பொதுவில் எழுப்ப விரும்புகிறேன்.

பாதையில் மின்னல் தாக்கினாலோ, கடலோரத்தில் இன்சுலேட்டர் மீது படிந்த உப்பு பனியில் நனைந்தாலோ, கம்பிகளுக்கு அடியில் கரும்புச் சோகையை எரித்தாலோ பழுது உண்டாகலாம். அப்போது பாதையின் முனையிலுள்ள டிஸ்டன்ஸ் ரிலே, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, பழுது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கிறது. பாதையின் முதல் 80 விழுக்காட்டுக்குள் பழுது இருந்தால் பாதையைத் துண்டிக்கும் பிரேக்கரை உடனே திறக்கச் செய்கிறது. 400 கிலோவோல்ட் பாதையில் 100 மில்லிவிநாடிக்குள் பழுதைத் துண்டித்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ரிலே கண்காணிக்கும் தொலைவெல்லைகளில் மூன்றாம் மண்டலம் எனப்படுவது, அடுத்த பாதையின் பழுதை அங்குள்ள ரிலே கவனிக்கத் தவறினால், ஏறத்தாழ ஒரு விநாடி பொறுத்திருந்து இயங்கும் மாற்று ஏற்பாடு.

இந்த மூன்றாம் மண்டலம்தான் 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு மத்தியப் பிரதேசத்தின் பீனா – குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையைத் துண்டித்தது. பாதையில் எந்தப் பழுதும் இல்லை. இணைப்பாதை தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்ததால் எஞ்சிய ஒரே பாதையில் சுமை ஏறி, மின்னழுத்தம் சரிந்தது; வகுத்து வந்த விடை குறைந்துபோனதால், மிகைச் சுமையைப் பழுதென்று ரிலே எடுத்துக்கொண்டது. வட மாநிலங்களின் மின்தொகுப்பான வட மண்டலம் ஏறக்குறைய முழுவதும் இருண்டு, ஏறத்தாழ 36,000 மெகாவாட் மின்தேவை பாதிக்கப்பட்டது. மறுநாள் நண்பகல் கடந்து அதே பாதை அதே காரணத்தால் மீண்டும் விழ, வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று மண்டலங்களும் சரிந்தன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2003 ஆகஸ்ட் 14 அன்று சாமிஸ் – ஸ்டார் பாதை விழுந்ததற்கும் பழுதில்லாமல் இயங்கிய மூன்றாம் மண்டலமே காரணம். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே பிழை நம் நாட்டில் நிகழ்ந்தது என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அன்று தென் மண்டலம் தப்பியது, பிற மண்டலங்களோடு, அவற்றின் சரிவைக் கடத்தாத நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்புகள் வழியாக மட்டுமே தொடர்புற்றிருந்ததால்தான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கியதும் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. அந்த இணைப்பால் நமக்குக் கிடைத்த பயன் பெரிது. ஆனால் எங்கோ நிகழும் தவறான டிரிப் (துண்டிப்பு) இனி நம்மையும் தொடும்.

இதற்கிடையே முப்பந்தல், கயத்தாறு வட்டாரக் காற்றாலைகளும் கமுதி போன்ற சூரிய மின்நிலையங்களும் பெருகியுள்ளன. இன்வெர்ட்டர் வழியாக வரும் மின்சாரம், பழுதின்போது அனல் நிலைய ஜெனரேட்டர்களைப் போலப் பெரும் மின்னோட்டத்தைத் தராது. பழைய கணக்கில் வைத்த ரிலே அமைப்புகள் (செட்டிங்குகள்) இத்தகைய இடங்களில் பழுதையே காணாமல் போகக்கூடும். ஆகவே புதிய நிலையம் ஒன்று இணைக்கப்படும்போதெல்லாம் சுற்றியுள்ள துணைமின் நிலையங்களின் அமைப்புகளையும் மறுகணக்கீடு செய்வது கட்டாயம்.

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023 ஆம் ஆண்டு மின்தொகுப்பு விதிகள், 220 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களில் ரிலே உள்ளிட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்து ஆண்டுதோறும் உள் தணிக்கையும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கையும் நடத்தப்பட வேண்டும் என்கின்றன. விதி நல்லது. ஆனால் தணிக்கையில் சுட்டப்பட்ட குறைகளில் எவை நீக்கப்பட்டன, எவை நிலுவையில் உள்ளன என்பதைத் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம் நிலையவாரியாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டால்தான் அதன் பயன் மக்களுக்குத் தெரியும். ரிலே சோதனைக்கெனப் பயிற்சி பெற்ற பொறியாளர்களை அடிக்கடி வேறு பணிக்கு மாற்றாமல் இருப்பதும், ஓய்வுபெறுவோரின் இடங்களைக் காலதாமதமின்றி நிரப்புவதும் இதனோடு சேர்த்துச் செய்யப்பட வேண்டியவை. அடுத்த காற்றுப் பருவம் தொடங்குவதற்கு முன் தென்மாவட்டங்களின் 230, 400 கிலோவோல்ட் நிலையங்களிலிருந்தேனும் இதைத் தொடங்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்,
திருநெல்வேலி.