இடக்கைக்கு ஒரு துவக்கு

அன்பு மகன்,

பறவை வேட்டைக்கு வாங்கவென்று நீ பார்த்துவைத்த மூன்று பழைய துவக்குகளின் படங்களும் கிடைத்தன. அம்மா பக்கத்தில் இருந்தபடியால் உடனே போனை மூடிவிட்டேன். அவ நித்திரையானதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெல்ஜியம் இரட்டைக்குழல். உனக்கு அதில்தான் மனம் போயிருக்கிறது என்று தெரிகிறது. குழலில் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாக ஓடுகிறதே, அதுதான் டமாஸ்கஸ். இரும்பையும் உருக்கையும் நாடாவாக முறுக்கி, சுற்றிச் சுற்றி அடித்து ஒட்டிய குழல். கருமருந்துக் காலத்துச் சாமான். இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது அல்ல. வெளியே மின்னினாலும் அந்த ஒட்டுகளுக்கிடையில் நூறு வருடத் துரு இருக்கலாம். வெடித்தால் குழலைப் பிடித்திருக்கும் கைதான் முதலில் போகும். சுவரில் மாட்டுவதற்கென்றால் வாங்கு, காட்டுக்குக் கொண்டுபோகாதே.

இரண்டாவது கூயி 84. இது நம்முடைய ஒன்ராறியோச் சரக்கு, கோபர்க்கில் செய்தது. 1970களின் கடைசியோடு நின்றுபோனது. ஆனாலும் இந்த நாட்டில் பழைய பண்ணை வீடுகளில் தேடினால் கதவு மூலையில் ஒன்று நிற்கும். மலிவு, பழுதாவதற்கு உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. உன் அப்பப்பாவின் துவக்கும் இந்தச் சாதிதான்: ஒற்றைக்குழல், பின்னால் பெருவிரலால் இழுத்து வைக்கும் குதிரை (தோட்டாவை அடிக்கும் சுத்தி), நடுவில் மடக்கித் திறந்து ஒரு தோட்டா போடுவது. வவுனிக்குளத்தடி வயலில் பன்றிக் காவல் பரணில் அதை வைத்திருந்தார். ஒரு தோட்டாவை வீணாக்கினால் இரண்டு நாள் தன்னோடு தானே பேசமாட்டார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பரண்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ஞாபகத்துக்காக உன் தோளை உடைக்கச் சொல்லமாட்டேன். பாரமில்லாத ஒற்றைக்குழலில் 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அளவு, இலக்கம் குறையக் குழல் பெரிது) தோட்டா போட்டால் கழுதை உதைத்த மாதிரி இருக்கும். இன்னொன்று, குதிரையை இழுத்து வைத்த பிறகு பறவை பறந்துபோனால் அதை மெதுவாகத் திரும்ப இறக்க வேண்டும். நீ இருக்கும் தண்டர் பே ஊர்க் குளிரில், கையுறை போட்ட பெருவிரலால், புதிதாகப் பழகுகிறவன் செய்யும் வேலை இல்லை அது.

மூன்றாவது ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸ், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப். நல்ல துவக்கு, என்னிடம் இருப்பதும் அதுவே. 870 வகையை 1950 இலிருந்து செய்கிறார்கள், கோடிக்கு மேல் விற்றிருக்கிறார்கள், உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தும் உனக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் உன் கை. சோறு சாப்பிட மட்டும் அம்மா உன்னை வலக்கைக்கு மாற்றினா, மற்ற எல்லாவற்றுக்கும் நீ இடக்கையன். 870இன் பாதுகாப்புப் பொத்தான் விசைக்குப் பின்னால், வலக்கை ஆட்காட்டி விரலுக்கு வசதியாக இருக்கிறது. மொஸ்பேர்க் 500 என்ற இன்னொரு பம்பில் அது மேலே, பெருவிரல் போய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. எந்தக் கைக்கும் சரி. வெற்றுத் தோட்டா வலப்பக்கமாக உன் முகத்துக்கு முன்னால் பறக்கத்தான் செய்யும், அது பழகிவிடும். ஆகவே பழைய மொஸ்பேர்க் ஒன்று தேடு. நீ யாரிடம் கேட்டாலும் 12 கேஜ் என்பார்கள், அதற்குத் தோட்டா எங்கும் கிடைக்கும் என்பதும் உண்மை. 20 கேஜ் தோளுக்கு இதம், கிரவுஸ் என்னும் காட்டுக்கோழிக்கு அது போதும். வாத்துக்கும் போவாய் என்றால் 12. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் 16 பக்கம் போகாதே, பிறகு தோட்டா தேடியே சீசன் முடிந்துவிடும்.

இனிப் பார்க்கும் விதம். முதலில் திறந்து, வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார். விற்கிறவர் "வெறும் துவக்குத்தான்" என்று சொன்னாலும் பார். பிறகு குழலைக் கழற்றித் தரச் சொல். ஒரு பழந்துணி கொண்டுபோய் உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார். துடைக்காமல் பார்த்து ஏமாந்தவன் நான். என் 870ஐ வாங்கியபோது உள்ளே எண்ணெய் பளபளவென்று இருந்தது, கவனமாக வைத்திருந்த மனிதர் என்று நினைத்தேன். வீட்டில் துடைத்தால் தோட்டா இருக்கும் அறை முழுக்கத் துருக்குழி. முதல் வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வந்தபோது சுட்ட தோட்டா உள்ளே இறுகிவிட்டது. நான் முழங்காலில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தேன், வாத்துகள் அமெரிக்கா போய்விட்டன.

குழலுக்குள் தெரியும் வெளிச்ச வளையங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். எங்காவது ஒரு கறுப்பு வளையம் தனியாக நின்றால் குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், விலை பேசாமல் வந்துவிடு. ஆணித் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது. சோங்கு (தோளில் வைக்கும் மரக்கட்டை) துவக்கின் இரும்போடு சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா பார். கீறல், நிறம் மங்கல் இவையெல்லாம் பரவாயில்லை, அவற்றைக் காட்டி விலையைக் குறை. எப்போதாவது ஒரு நல்ல இரட்டைக்குழல் கையில் வந்தால், குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டு. பானை வாங்கும்போது தட்டுவோமே, அதே காதுதான். கணீரென்றால் ஒட்டு நல்லது. செத்த சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

பார்க்கப் போகும்போது குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு போ. ஓகஸ்டில் உன்னைப் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும். கண்ணை மூடித் துவக்கைத் தோளுக்கு உயர்த்து, கண்ணைத் திற. குழல் நுனியிலுள்ள குறிமணி உன் கண்ணுக்கு நேரே நின்றால் அது உன் துவக்கு. நமக்குக் கை கட்டை, சோங்கு நீளமாக இருந்தால் அந்தத் தடித்த சட்டையில் கக்கத்தில் சிக்கும்.

உன் லைசென்ஸைக் காட்டாமல் பணம் கைமாறக் கூடாது. 2022 மே மாதத்திலிருந்து விற்பவர் உன் லைசென்ஸ் செல்லுபடியானதா என்று அரசாங்கத்திடம் கேட்டு ஒரு குறிப்பு இலக்கம் எடுக்க வேண்டும். "அதெல்லாம் எதற்கு, காசைத் தா" என்பவரிடம் வாங்காதே. வாத்துக்கு ஈயக்குண்டு 1999 முதல் இந்த நாட்டில் தடை, உருக்குக்குண்டு போட வேண்டும். மிகப் பழைய, வாய் இறுகிய குழலுக்கு உருக்கு ஆகாது. அப்புறம் வாத்து சுடும்போது மூன்று தோட்டாவுக்கு மேல் துவக்கில் இருக்கக் கூடாது. பம்பில் நாலைந்து போகும் என்பதால் உள்ளே ஒரு மரக்கட்டை செருகியிருப்பார்கள். பழைய துவக்கில் முந்தினவர் அதை எடுத்தெறிந்திருப்பார், கேட்டுப் பார்.

ஐந்நூறு டாலர்தான் வைத்திருக்கிறாய் என்றால் துவக்குக்கு முந்நூற்றைம்பதுக்கு மேல் போகாதே. மிச்சத்தில் விசைப் பூட்டு ஒன்று, இரண்டு பெட்டித் தோட்டா, களிமண் தட்டுச் சுட்டுப் பழக ஒரு சனிக்கிழமை. உன்னோடு அறையில் இருக்கும் பொடியன்களுக்கு அந்தப் பூட்டின் திறப்பு எங்கே என்று தெரியக் கூடாது. தோட்டா வேறு இடத்தில், அதுவும் பூட்டி.

நான் முதல் தடவை போனது 1996இல், வேலைத்தளத்தில் இருந்த ஒரு சட்பரிக்காரரோடு. அவர் சுட்ட முதல் வெடிக்கே நான் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார், நான் எழும்பும் வரை பேசாமல் நின்றார். பிறகு நான் ஒன்று வாங்கி வந்தபோது அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இதிலிருந்து தப்பத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒரே ஒரு தரம் கேட்டா. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங்குக்கு வருகிறோம். அதுவரை முற்பணம் கொடுக்காதே. எது கிடைத்தாலும் குழலின் பின்பக்கப் படம் ஒன்று அனுப்பு. அம்மா இப்போதே உனக்கு மிளகாய்த்தூள் வறுத்து வைத்திருக்கிறா, கடைக் கோழிக்கு என்று நினைத்துக்கொண்டு. விஷயத்தை நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன்.

அப்பா