பதினோரு கழித்தல்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். வகுப்புக்கு ஏதாவது கணக்கு விளையாட்டு அனுப்பு என்று நீ எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது. செய்து பார்க்காத எதையும் உனக்கு அனுப்பக் கூடாது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு வரி போட்டிருக்கலாம், போடாதது தப்புதான். நேற்று வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

கடன் வாங்கிக் கழிப்பதில் என் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். நடுவில் பூஜ்யம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். பத்துக் கணக்கு கொண்ட தாளைக் கொடுத்தால் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் நேற்று தாளே கொடுக்கவில்லை. பலகையில் இவ்வளவுதான் எழுதினேன்: ஏதாவது ஒரு நான்கு இலக்க எண், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு. பிறகு தலைகீழாக அடுக்கு. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. வந்த விடையை மறுபடி அதேபோல் செய். ஆயிரத்துக்குக் கீழே போனால் முன்னால் பூஜ்யம் போட்டு நான்கு இலக்கமாகவே வைத்துக்கொள். "யார் எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் ஒரே எண்ணில் போய் நிற்பீர்கள். அது எது என்று நான் சொல்லமாட்டேன்" என்றேன்.

உனக்குத் தெரிந்திருக்கும், 6174. மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1940-களில் கண்டுபிடித்தது. நம்மைப் போலவே வகுப்பறையில் நின்றவர் கண்டுபிடித்தது என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

பத்து நிமிடத்தில் ஆளாளுக்கு "6174, 6174" என்று கத்த ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பெஞ்சும் அதையே சொல்வதைக் கேட்டதும் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். தாளில் மூன்று கணக்குக்கு மேல் போடாதவன். "எனக்கும் அதுதான் சார் வந்தது, ஆனால் பதினோரு தடவை ஆச்சு" என்றான்.

வகுப்பே அவன் தாளைச் சுற்றிக் கூடிவிட்டது. 2047-இல் தொடங்கியிருந்தான். 7420-இலிருந்து 0247 போக 7173. அப்புறம் 6354. அப்புறம் 3087. எல்லாம் சரி. அடுத்தது 8730-இலிருந்து 0378. அங்கே 8452 என்று எழுதியிருந்தான். நூறாம் இடத்திலிருந்து கடன் வாங்கியவன் அங்கே ஒன்றைக் குறைக்கவில்லை, 8352 வந்திருக்க வேண்டும். அந்தத் தப்பான எண்ணிலிருந்து இன்னும் ஏழு கழித்தலைப் பிசகில்லாமல் செய்து 6174-க்கு வந்து சேர்ந்திருக்கிறான்! தப்பு செய்யாமல் இருந்தால் ஐந்தே தடவையில் முடிந்திருக்கும்.

இதை நான் யோசித்ததே இல்லை, சேகர். இந்த விளையாட்டில் நடுவில் தப்பு செய்தாலும் கடைசியில் அநேகமாக 6174-இல்தான் போய் நிற்கும், ஏனென்றால் தப்பான எண்ணும் ஒரு புதுத் தொடக்கம்தானே. குழந்தைக்கு அது தைரியம் தருகிறது. ஆனால் வாத்தியாருக்குத் தப்பு கண்ணில் படாது. அவனுக்கு ஏழு தடவையைத் தாண்டியதால்தான் தெரிந்தது. சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோது வழி கிடைத்தது: ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பதின் மடங்காக வரவேண்டும். 8352 கூட்டினால் 18. 8452 கூட்டினால் 19, மாட்டிக்கொள்ளும். எல்லாத் தப்பும் இதில் சிக்காது, ஆனால் கடன் வாங்குவதில் வரும் தப்பு பெரும்பாலும் சிக்கிவிடும். இன்று எல்லோரும் அவரவர் தாளை அவரவரே திருத்திக்கொண்டார்கள், நான் சிவப்பு மையைத் தொடவில்லை.

உன் எட்டாம் வகுப்புக்கு இதே விளையாட்டை வேறு மாதிரி கொடு. ஏன் ஒன்பதின் மடங்கு என்று கேள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய இலக்கங்கள் a, b, c, d என்றால் வித்தியாசம் 999(a−d) + 90(b−c). அவர்களே எழுதிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு மூன்று இலக்கம் போதும், அது 495-இல் நிற்கும்.

சரி, இப்போது என் மனத்தாங்கலைக் கேள். எங்களுக்கு ஒரு கணக்கு விளையாட்டை கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டல் விடையைத் தொட்டால் கார் ஓடும். பிள்ளைகள் மூன்று விடையையும் மாறி மாறித் தட்டுகிறார்கள், ஏதாவது ஒன்றில் கார் ஓடிவிடுகிறது. கணக்கை எடுத்துவிட்டாலும் அந்த விளையாட்டு அப்படியே நிற்கும், அதுதான் அதன் கோளாறு. கணக்கு அங்கே சுங்கச் சாவடி மாதிரி, எப்போது தாண்டுவோம் என்றுதான் இருக்கும். 6174-இல் கழித்தலை எடுத்துவிட்டால் விளையாட மிச்சம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்.

பெருக்கலுக்கு ஒன்று சொல்கிறேன், உன் ஏழெட்டு நினைவுக்கு வருகிறது! (பயிற்சிக் கல்லூரியில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டாலே ஜன்னலைப் பார்ப்பாயே.) 1, 2, 3, 4 நான்கையும் ஒரு தடவை மட்டும் வைத்து இரண்டு ஈரிலக்க எண்கள், பெருக்கினால் மிகப் பெரியது வரவேண்டும். பெரும்பாலும் முதலில் 43-ஐயும் 21-ஐயும் பிடிப்பார்கள், 903. யாராவது 42, 31 என்பார்கள், 1302. முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு குழந்தை 41, 32 போடும், 1312. ஒரு கேள்விக்கு எட்டுப் பத்துப் பெருக்கலை யாரும் சொல்லாமலே செய்துவிடுவார்கள். பிறகு கேள்: 42-உம் 31-உம் கூட்டினாலும் 73, 41-உம் 32-உம் கூட்டினாலும் 73, பின்னே ஏன் பெருக்கலில் வித்தியாசம்? அதற்குமேல் வகுப்பு தானாக ஓடும்.

பல வகைக் கணக்குகளைக் கலந்து கொடுத்தால் குழம்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய். குழம்பட்டும். 2015-இல் டக் ரோரர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டவர்கள் ஒரு மாதம் கழித்துத் தேர்வில் 42 சதவீதம், பல வகைகளைக் கலந்து போட்டவர்கள் 74. இருபதும் கழித்தலாக இருந்தால் எதைச் செய்வது என்று யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். தேர்வில் அந்த யோசனைதான் கேட்கிறார்கள். உன் பயிற்சித் தாளில் பாதியை இப்படி மாற்றிப் பார், ஒரு மாதம் பொறு.

ஒன்று மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பலகைக்கு இரண்டு பேரை ஓடவிட்டு யார் முதலில் என்று பார்க்கும் போட்டியை விட்டுவிடு. நானும் வருடக்கணக்கில் நடத்தினேன், சத்தமும் உற்சாகமுமாக இருக்கும். போன வருடம் ஒரு பெண், நன்றாகப் போடுபவள், மூன்று தடவை தொடர்ந்து தோற்றாள். அதன்பிறகு கணக்குப் பாடம் வந்தாலே தலையை நிமிர்த்த மாட்டாள். அவளுக்குக் கணக்கு தெரியும். வேகம் மட்டும்தான் இல்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, இன்னும் அது உறுத்துகிறது. நேற்று 6174-க்கு இரண்டாவதாக வந்து சேர்ந்தது அவள்தான். யாரும் ஓடச் சொல்லவில்லை.

பையனின் தாளை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். 8452-ஐச் சுற்றி அவனே வட்டம் போட்டிருக்கிறான். உன் வகுப்பில் காட்டி, தப்பு எங்கே என்று அவர்களைத் தேடச் சொல். இன்று காலை இரண்டு தாளை ஒட்டிக்கொண்டு வந்து நின்றான், ஐந்து இலக்கத்தில் ஆரம்பித்துவிட்டானாம், எண் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றான். அங்கே ஒரே எண்ணில் நிற்காது, சில எண்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். நான் அவனிடம் சொல்லவில்லை. நீயும் உன் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
ரவி