ஆய்வுக்குப் போகிறவருக்குப் படியளப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பள்ளி ஆசிரியரின் தரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறீர்கள். சரி. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் கறாராகத்தான் சொன்னது. சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும், தகுதித் தேர்வில் தேறாத, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிற எல்லா ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தேர்வில் தேறியாக வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. இருபது வருடம் பாடம் நடத்திய நடுநிலைப் பள்ளி டீச்சர், மகன் படித்த மேசையில் உட்கார்ந்து கைடு புரட்டுகிறார்.

அந்தக் கறாரில் பாதியாவது கல்லூரிப் பக்கம் உண்டா?

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியர்கள்! இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. ஆள் எடுத்தால் சம்பளம் தர வேண்டும், பெயரை மட்டும் எடுத்தால் செலவு குறைவு. இதை எந்த ஆய்வுக் குழுவும் நேரில் போய்க் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் கிடந்த விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தே வெளியில் இருந்தவர்கள் பிடித்துவிட்டார்கள்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரு கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்புத் தரலாமா என்று பார்க்கும் ஆய்வுக் குழுக்களில் போயிருக்கிறேன். ஒரு சுயநிதிக் கல்லூரியில் கோட்டு போட்ட ஒருவரைத் துறைத் தலைவர் என்று அறிமுகம் செய்தார்கள். அமிலங்கள் வைத்திருக்கும் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். எந்தச் சாவி என்று அவர் ஆய்வக உதவியாளரின் முகத்தைப் பார்த்தார். நான்காவது சாவிதான் பொருந்தியது. வகுப்புக்குள் போனால், பிள்ளைகள் அந்த உதவியாளருக்கு எழுந்து நிற்கிறார்கள், துறைத் தலைவரை யாரோ விருந்தாளி என்று பார்க்கிறார்கள். அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினோம். ‘குறைகளை நிவர்த்தி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன்’ இணைப்பு வந்துவிட்டது. மதியச் சாப்பாடு பிரமாதம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏன் இப்படி என்றால், பணம்தான். இணைப்புக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் இந்தக் கல்லூரிகளிடமிருந்தே பல்கலைக்கழகத்துக்கு வருகின்றன. அரசு மானியம் சுருங்கச் சுருங்க, இந்த வரவை நம்பித்தான் சம்பளமும் ஓய்வூதியமும். நாலு கல்லூரியை மூடினால் அடுத்த மாதப் பட்டுவாடாவில் இடிக்கும் என்று தெரிந்த பதிவாளர் எப்படிக் கண்டிப்பாக இருப்பார்?

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 2024 பிப்ரவரியில் ரூ.424 கோடி வரி பாக்கி என்று வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு நிதியாக இருந்தால்தான் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனம் என்ற விலக்கு கிடைக்கும். பாதிகூட வரவில்லை என்பதுதான் வரித் துறையின் வாதம். அதாவது, துணைவேந்தரை யார் நியமிப்பது என்று மாநில அரசும் ஆளுநரும் உச்ச நீதிமன்றம் வரை மல்லுக்கட்டுகிற ஒரு பல்கலைக்கழகம், வரிக் கணக்கில் அரசுப் பல்கலைக்கழகமே இல்லை. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நாற்காலிக்குப் போட்ட சண்டையில் கால்வாசியை மானியத்துக்குப் போட்டிருக்கலாம்.

அரசு தன் சொந்தக் கல்லூரிகளை நடத்தும் அழகும் தெரிந்ததே. நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-இல் சொன்னது. இங்கே 2024-இல்கூட ரூ.25,000தான் தந்தார்கள், அதுவும் பதினொரு மாதம்தான். மே மாதம் அவர்களுக்குப் பசிக்காது போலும்.

மேற்பார்வை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணைப்பு ஆய்வைக் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து பிரித்து, அரசுச் செலவில் தனி அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்கிறேன். அதற்குச் சட்டத் திருத்தம், நிதி ஒதுக்கீடு என்று நாளாகும். ஆனால் கலந்தாய்வு தொடங்கும் முன்பே ஒவ்வொரு கல்லூரியின் ஆசிரியர் பட்டியலையும் புகைப்படத்தோடு, துறைவாரியாக இணையத்தில் போட இந்த வருடமே ஓர் அரசாணை போதும். அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்த சாரைக் கொஞ்சம் பார்க்கலாமா?’ என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர்,
சென்னை